ஏசிக்குக் கொம்பிரசர் மாற்றப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

142,300 ரூபா. 12,000 பி.ரி.யு (ஏசி எவ்வளவு குளிரூட்டும் என்கிற அளவு) ஏசி ஒன்றுக்குக் கொம்பிரசர், அதாவது வெளிப்பெட்டிக்குள் இருந்து காஸை அழுத்திச் சுற்றவிடுகிற சாமான், மாற்ற என் கையால் போன காசு இது. இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் புது ஏசியே வாங்கியிருக்கலாமே என்று சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அதே அளவு புது ஏசிக்கு அப்போது யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் 165,000 சொன்னார்கள், ஆகவே அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 142,300இல் 45,000 முழுக்க முழுக்க வீணாகப் போனது, அது போயிருக்கத் தேவையே இல்லை. கொம்பிரசர் பற்றி யாரிடமாவது கேட்போம் என்று தேடியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் "நல்ல ஆளாப் பாத்துக் குடுங்கோ" என்ற ஒரே புத்திமதிதான். நல்ல ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அவர் கொண்டு வருகிற சாமானில் எதைப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் வீடு கொக்குவிலில். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையானபிறகு, 2017இல் தம்பி கனடாவில் இருந்து காசு அனுப்பி அவவின் அறைக்கு ஏசி போட்டோம். இன்வேர்ட்டர் (கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுகிற மின்னணு அமைப்பு) இல்லாத சாதாரண ஸ்பிளிற் ஏசி, உள்ளே ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் காஸ். வசதிக்காகப் போட்டது இல்லை. புரண்டு படுக்க முடியாத ஆளுக்கு முதுகு வியர்த்து ஊறினால் படுக்கைப் புண் வரும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் எப்படி என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சூரியன் நேரே உச்சியில் நிற்கும், சோளகக் காற்றுப் பிடிக்கும்வரை இலை அசையாது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தைக்கூட அந்த ஏசி தாங்கி வந்தது. நின்றது 2024 சித்திரையில்.

சும்மா ஒருநாள் திடீரென்று நிற்கவில்லை. அதற்கு முன் சில கிழமைகளாக வெளிப்பெட்டியில் ஒரு உறுமல் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஒரு 'டிக்', அப்புறம் அமைதி. உள்ளே காற்று மட்டும் வரும், குளிர் வராது. பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் உறுமல், சில வேளை பிடித்துக்கொண்டு ஓடும். சேர்விஸ் செய்ய வந்த பெடியன் காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி காஸ் அடித்துவிட்டுப் போனான் (அந்தக் காசை மேலே உள்ள கணக்கில் நான் சேர்க்கவே இல்லை). இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: ஏசிக்குள் இருக்கிற காஸ் பெற்றோல் மாதிரிக் கரைந்து போகிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. குறைந்தது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள். அதோடு உறுமிவிட்டு 'டிக்' என்று நிற்பது காஸ் குறைந்ததன் அடையாளம் இல்லை. கொம்பிரசர் சுழல முயன்று முடியாமல், சூடாகி, அதன் தலையில் இருக்கிற ஓவர்லோட் என்ற பாதுகாப்புச் சுவிற்ச் அதை நிறுத்துகிறது. இதற்கு மிகச் சாதாரணமான காரணம் கப்பாசிற்றர், அதாவது மோட்டார் சுழலத் தொடங்க உந்தல் கொடுக்கிற சாமான், வலுவிழப்பது. அப்போது கடையில் 1,800 ரூபாவுக்குக் கிடைத்த சாமான் அது. நல்ல காஸ் அளவு உள்ள ஏசிக்கு மேலும் காஸ் அடித்தால் அழுத்தம் கூடி, ஏற்கனவே தொடங்கமுடியாமல் திணறுகிற கொம்பிரசருக்கு இன்னும் பாரம் ஏறும். என் ஏசிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, முழுக்க நின்றபிறகு வேறொருவரைக் கூப்பிட்டேன். வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினார், கொம்பிரசரில் கையை வைத்தார், "உது கொம்பிரசர் அடிச்சிட்டுது ரீச்சர், மாத்தத்தான் வேணும்" என்றார். ஒரு மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை. அம்மா உள்ளே கிடந்து அனுங்குகிறா, வெளியே 35 பாகை வெயில், எனக்கு அந்த நேரத்தில் எந்தக் கேள்வியும் வரவில்லை. அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். யாரும் இப்படித்தான் ஆட்டுவார்கள், அந்த நிலையில் நிற்பவரிடம் பேரம் பேசுவது அவர்களுக்கு எவ்வளவு இலகு என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே கொம்பிரசர் தெரிவு செய்வது பற்றிக் கதைக்க முதல், பழையது உண்மையில் செத்துவிட்டதா என்பதை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். இன்வேர்ட்டர் இல்லாத கொம்பிரசரின் தலையில் மூடியைக் கழற்றினால் மூன்று முனை இருக்கும், சி (பொது), ஆர் (ஓட்டம்), எஸ் (தொடக்கம்) என்று குறிப்பார்கள். மெயின் சுவிற்சை நிறுத்தி, கப்பாசிற்றரில் தேங்கிய கரண்டை இறக்கி, மூன்று வயரையும் கழற்றிவிட்டு மின்தடையை அளக்கிற ஓம் மீற்றரில் அளந்தால் ஆர்-எஸ் இடையே வருகிற அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கவேண்டும். உதாரணத்துக்கு சி-ஆர் 2.1 ஓம், சி-எஸ் 3 ஓம் என்றால் ஆர்-எஸ் 5.1க்குப் பக்கத்தில். அப்படி வந்தால் உள்ளே மோட்டாரின் செப்புச் சுருள் அறுந்து போகவில்லை. பிறகு ஒவ்வொரு முனைக்கும் கொம்பிரசரின் செப்புக் குழாய்க்கும் இடையே அளக்கவேண்டும், அங்கே தொடர்பு எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் சுருள் உடம்பில் ஒட்டிவிட்டது, அந்தக் கொம்பிரசர் முடிந்தது. சாதாரண மீற்றரில் தப்பிவிடுகிற சின்ன மின் ஒழுக்கை மெகர் என்ற கருவி பிடிக்கும், நல்ல வேலைக்காரரிடம் அது இருக்கும். இன்னொன்று, சூடாக இருக்கும்போது அளந்தால் ஓவர்லோட் திறந்தபடி இருந்து சுருள் அறுந்தது போலவே காட்டும், சில மணித்தியாலம் ஆறவிட்டு அளக்கவேண்டும். இதை நீங்களே செய்யப் போகவேண்டாம், கப்பாசிற்றர் சுவிற்ச் நிறுத்தியபிறகும் அடிக்கும். செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அது போதும். சுருள் நல்லது என்று வந்தால் புதுக் கப்பாசிற்றர் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் ஓடாவிட்டால்தான் உள்ளே இறுகிவிட்டது என்று நம்பலாம்.

எனக்கு இதெதுவும் நடக்கவில்லை. கொழும்பில் இருந்து கழற்றின 'நல்ல' கொம்பிரசர் ஒன்று 28,000க்கு வந்தது, காஸும் கூலியும் 17,000. பழையதை "நான் கொண்டு போறன், உங்களுக்கு என்னத்துக்கு" என்று மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் செப்புச் சுருள் இருக்கிறது, பழைய இரும்புக்காரரிடம் விலை போகும், அது ஒரு பக்கம். என் பழைய கொம்பிரசர் உண்மையில் செத்துத்தான் இருந்ததா என்பதை இனி யாராலும் பார்க்கமுடியாது, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். தற்செயலாக ஒன்று நடந்திருந்தது. மூடி திறந்து கிடந்தபோது தம்பி வட்ஸ்அப்பில் "அக்கா, அந்தச் சாமானின்ர லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தான். அவனுக்கு ஒரு மண்ணும் விளங்கியிராது, ஆனாலும் எடுத்து அனுப்பியிருந்தேன். அந்தப் படம் பிறகு எனக்கு எவ்வளவு உதவியது என்று கீழே சொல்கிறேன். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது ஏசி நல்லாக ஓடிக்கொண்டிருந்தாலும், அடுத்த சேர்விஸுக்கு மூடி திறக்கும்போது கொம்பிரசர் லேபிளைத் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கிற பெரிய லேபிள் எங்கள் வெயிலுக்கு ஐந்தாறு வருடத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

மாற்றிப் போட்டது முதல் நாளில் இருந்தே சரியாகக் குளிரவில்லை. "புதுசு தானே ரீச்சர், செற் ஆக வேணும்" என்றார். கொம்பிரசர் 'செற்' ஆகிற சாமான் இல்லை, போட்ட அன்றைக்கே என்ன குளிரோ அதுதான் குளிர். வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் போனால் அனல் அடித்தது. சில கிழமை அப்படியே இழுத்துக்கொண்டு கிடந்து, ஒரு இரவு வீட்டின் ரிப் சுவிற்ச் விழுந்தது. தூக்கிவிட்டேன், ஏசி போட்டு மூன்று நிமிடத்தில் திரும்ப விழுந்தது. அம்மாவுக்கு விசிறியை வைத்துவிட்டு மாமர அடியில் போய் இருந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். 45,000 என் சம்பளத்தில் பெரிய பங்கு. தம்பியிடம் திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை, அவனும் அங்கே இரவு வேலை செய்கிற ஆள்.

அந்த இரண்டாவது சாவைக் கண்டுபிடித்தவர் வேறொரு ஐயா. முன்பு குருநகர்ப் பக்கம் ஐஸ் உற்பத்தி செய்கிற இடத்தில் வேலை செய்தவர், இப்போது ஓய்வில், தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் வருவார். கூட வேலை செய்கிற ரீச்சர் ஒருவர் மூலம் கிடைத்தார். வந்தவுடன் கொம்பிரசரைத் தொடவில்லை. லேபிளைத் துணியால் துடைத்துவிட்டு, "பிள்ளை, உதில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசியும்" என்றார். வாசித்தேன். ஆர்-410ஏ, 208-230 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். "நம்மட கரண்ட் எவ்வளவு?" 50 என்று எனக்குத் தெரியும், விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தான் நான். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தென் கொரியா, பிலிப்பைன்ஸ், சவூதி அரேபியா, அமெரிக்கா எல்லாம் 60. அந்த நாட்டு ஏசிகள் பழசாகிக் கழற்றப்பட்டு எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து நிற்கும்போது, வோல்ற்றேஜ் சரி, காஸ் சரி, கால் துளையும் சரி, ஆகவே பொருத்திவிடுவார்கள். 60க்குச் செய்த மோட்டாருக்கு அதே வோல்ற்றேஜை 50இல் கொடுத்தால் இரும்புக்குள் காந்தப்புலம் அளவுக்கு மேல் ஏறி, கூடக் கரண்ட் இழுத்து, சுருள் கொதிக்கும். வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும், அதனால் குளிரும் குறைவு. நான் கண்ட இரண்டு குணமும் அதுதான். வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற சூத்திரம் என் வீட்டுப் பின்சுவரில் 28,000 ரூபாவுக்கு எரிந்து கிடந்தது.

ஐயா அதோடு விடவில்லை. "இது ஏன் செத்ததெண்டு தெரிஞ்சிட்டுது. முதல் கிடந்தது ஏன் செத்தது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்கவில்லை. கொம்பிரசர் சும்மா சாவது குறைவு, ஏதோ ஒன்று அதைச் சாகடிக்கிறது. அந்தக் காரணம் அப்படியே கிடக்கப் புதுசு போட்டால் புதுசும் சாகும். அவர் பார்த்தவை: கப்பாசிற்றரில் எழுதியிருப்பது 35 மைக்ரோ பரட், அளந்தால் 19. எழுதியதில் இருந்து ஐந்து சதவீதம் குறைந்தாலே மாற்றவேண்டும் என்றார். இரண்டாவது கொம்பிரசர் போட்டவர் அதே கப்பாசிற்றரிலேயே ஓடவிட்டிருக்கிறார். வெளிப்பெட்டியின் தகடுகளுக்கு இடையில் மாம்பூவும் தூசியும் சேர்ந்து கம்பளி போர்த்தியது மாதிரி அடைத்திருந்தது, சேர்விஸ் என்று வந்தவர்கள் உள்ளே இருக்கிற வலையை மட்டும் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளிப்பெட்டிக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இடைவெளி, விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறது. பின்னேரம் ஏழு மணிக்கு மீற்றரைப் பிடித்தார், 192 வோல்ற். ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது, எல்லா வீட்டிலும் லைற்றும் மோட்டரும் ஓடுகிற நேரம் அது. வோல்ற்றேஜ் குறைந்தால் மோட்டார் கூடக் கரண்ட் இழுக்கும், கப்பாசிற்றரும் வலுவில்லை என்றால் தொடங்கவே முடியாது. நாலு காரணமும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது.

அதற்குப்பிறகுதான் எந்தக் கொம்பிரசர் வாங்குவது என்ற கதை. இங்கே தம்பிக்கு அனுப்பிய பழைய கொம்பிரசர் லேபிளின் படம் கைகொடுத்தது. ஏசியின் வெளியே ஒட்டியிருக்கிற கொம்பனிப் பெயர் வேறு, உள்ளே கொம்பிரசர் செய்தவர் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜி.எம்.சி.சி, ஹைலி, பனசோனிக், றெச்சி, லண்டா என்று கொஞ்சப் பேர்தான் கொம்பிரசர் செய்கிறார்கள். ஜி.எம்.சி.சி மிடியா என்ற ஏசிக் கொம்பனியோடு சேர்ந்தது, லண்டா கிறீ என்ற ஏசிக் கொம்பனியினுடையது. ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் தன் ஏசிக்குள் போடுவது சாதாரணம். ஆகவே கடையில் போய் "இன்ன கொம்பனி ஏசிக்கு ஒரு தொன் (அதாவது 12,000 பி.ரி.யு) கொம்பிரசர்" என்று கேட்டால் அவர்களுக்கு எதையும் தந்துவிடச் சுதந்திரம் கொடுக்கிறீர்கள். கொம்பிரசரின் மேலே உள்ள மொடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். அதே நம்பர் புதிதாகக் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம், வாங்குங்கள்.

எனக்கு அதே நம்பர் கிடைக்கவில்லை. மாற்று மொடல் எடுக்கும்போது எதெது பொருந்தவேண்டும் என்று ஐயா ஒரு கொப்பித்தாளில் எழுதித் தந்தார். முதலாவது காஸ். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிற சாமான் இல்லை. ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், உள்ளே இருக்கிற எண்ணெயும் வேறு. ஆர்-22 கொம்பிரசரில் வழமையாகக் கனிம எண்ணெய், மற்றவற்றில் செயற்கை எண்ணெய். ஆர்-32 கொஞ்சம் தீப்பற்றக் கூடியதும்கூட, ஆகவே "இது புதுக் காஸ், இதை அடிச்சால் நல்லாக் குளிரும்" என்று 410 ஏசிக்குள் 32ஐ விடுபவரிடம் கவனம். அப்புறம் வோல்ற், ஹேர்ட்ஸ், பேஸ். 220-240, 50, ஒற்றைப் பேஸ். பிறகு குளிரூட்டும் வலு, அதாவது பி.ரி.யு அல்லது வற். லேபிளில் பெரும்பாலும் இது இருக்காது, மொடல் நம்பரை இணையத்தில் தேடினால் அதன் அட்டவணை கிடைக்கும், பழையதின் அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி தள்ளுகிறது என்பதும் அதில் இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். கடைசியாகக் கப்பாசிற்றர் அளவு, காலின் துளைகள், குழாய்களின் தடிப்பு, உயரம். காலும் குழாயும் கொஞ்சம் பிசகினால் வெட்டி ஒட்டிச் சமாளிக்கலாம், மேலே சொன்ன மற்றவற்றில் சமாளிப்பு இல்லை. கொம்பிரசர் மொடல் மாறினால் கப்பாசிற்றரும் புதிய மொடல் கேட்கிற அளவுக்கு மாறவேண்டும், பழைய அளவையே போடக்கூடாது.

கொழும்புக் கடை ஒன்றில் போனில் கேட்டபோது, "மிஸ், 12,000 இல்லை, 18,000 இருக்கு, அதே விலைக்குத் தாறன், இன்னும் நல்லாக் குளிரும்" என்றார்கள். கேட்க நல்லாகத்தான் இருந்தது. ஐயாவிடம் சொன்னேன், சிரித்தார். எங்கள் ஊர்க் கிணற்றில் பெரிய பம்பியை இறக்கினால் ஊற்றுக் கூடிவிடுமா, கிணறு வற்றிப் பம்பி வெறுமையாகச் சுற்றும், அவ்வளவுதான். ஏசியில் தகடும் கப்பிலறி என்கிற ஒடுங்கிய செப்புக் குழாயும் 12,000க்கு அளந்து வைத்தவை. பெரிய கொம்பிரசர் அதற்குள் தள்ளப் பார்த்தால் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும், மறுபக்கம் உள்ளே இருக்கிற தகட்டில் ஐஸ் பிடிக்கும், கரண்ட் பில்லும் ஏறும்.

கடைசியில் பொருந்திய புதிய மொடல் 52,000க்குக் கிடைத்தது. புதுசு என்று விற்பதெல்லாம் புதுசு இல்லை, கறுப்பு மை அடித்த பழசும் வரும். பார்க்கவேண்டியது குழாய் வாய்கள்: புதியதில் றப்பர் அடைப்பு இருக்கும், குழாய் முனையில் பற்றவைத்த அடையாளம் இருக்காது. அடைப்பைக் கழற்றும்போது உள்ளே அடைத்து வைத்த காற்று 'உஸ்' என்று வெளியே வரவேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் கொம்பிரசர் திறந்து கிடந்திருக்கிறது, செயற்கை எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் பொருத்துகிற நேரம்வரை அடைப்பைக் கழற்றவே விடக்கூடாது, கழற்றினால் அடுத்த சில நிமிடங்களுக்குள் பற்றவைக்கவேண்டும். இன்னொன்று, கொம்பிரசரை நிமிர்த்தித்தான் கொண்டுவரவேண்டும். படுக்கப்போட்டால் அடியில் நிற்கிற எண்ணெய் குழாய்க்குள்ளும் மேலேயும் போய்விடும். இரவு பஸ்ஸில் பார்சல் வருகிறபோது சாமான் பெட்டிக்குள் எப்படிக் கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே கடைக்காரரிடம் பலகைச் சட்டம் அடித்துத் தரச் சொன்னேன், பார்சல் கூலி 1,500 ஆனது. வந்தபிறகும் ஐயா அதை ஒரு இரவு முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த நாள்தான் தொட்டார்.

பொருத்துகிற வேலை எப்படி நடந்தது என்பதைச் சாமானைப் போலவே கவனிக்கவேண்டும். எரிந்த கொம்பிரசரின் எண்ணெயை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக் காட்டினார், கறுப்பு, மூக்கைப் பிடிக்கிற கருகல் மணம். அதில் அமிலம் கலந்திருக்கும், குழாய் முழுக்கப் படிந்திருக்கும், கழுவாமல் புதுசைப் போட்டால் அந்த அமிலம் புதுச் சுருளையும் தின்னும். கழுவும் திரவம் விட்டு, நைதரசன் அடித்து, சுத்தமாக வரும்வரை தள்ளினார். காஸில் உள்ள ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற பில்ரர் டிரையர் புதியது போட்டார். குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே மெதுவாக நைதரசனை ஓடவிட்டபடி செய்தார், இல்லாவிட்டால் உள்ளே கறுப்புப் பொருக்கு பிடித்து அது உதிர்ந்து கப்பிலறியை அடைக்கும். பிறகு நைதரசனில் அழுத்தம் ஏற்றி ஒழுக்குப் பார்த்து, வக்கியூம் பம்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காற்றை இழுத்து, உள்ளே மிஞ்சிய காற்றின் அழுத்தம் 500 மைக்ரோனுக்குக் கீழே போய் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில் தராசில் வைத்து லேபிளில் சொன்ன நிறைக்குக் காஸ் விட்டார். 45,000 வாங்கின முதல் ஆள் இதில் ஒன்றையும் செய்யவில்லை, கொஞ்சம் காஸை விட்டு அதாலேயே காற்றை வெளியே தள்ளியதுதான் அவருடைய 'வக்கியூம்'. ஆளைத் தெரிவு செய்ய ஒரு சுருக்க வழி கேட்டால், "வக்கியூம் பம்பும் தராசும் உங்களிட்ட இருக்கோ" என்று போனிலேயே கேளுங்கள். வக்கியூம் பம்பு இல்லாமல் வருபவரை நான் இனி வளவுக்குள் விடமாட்டேன். கழுவல், காஸ், டிரையர், கூலி எல்லாம் 24,000.

இன்வேர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களுக்கு என் கதை பாதிதான் பொருந்தும். அதில் மூன்று முனைக்கும் இடையே அளவு ஒரே மாதிரி இருக்கவேண்டும், கப்பாசிற்றர் கதையும் இப்படி இல்லை. ஏசியின் மின்னணுப் போர்ட்டில் கொம்பிரசரின் குணம் பதிந்து வைத்திருப்பதால் அதே மொடல்தான் போடவேண்டும், மாற்று மொடல் போட்டால் பிழை இலக்கம் காட்டி நின்றுவிடக்கூடும். பல வேளைகளில் போவது கொம்பிரசர் இல்லை, போர்ட். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலருக்கு நான் மாற்றவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட இருக்கிற மாமி என் கதையைக் கேட்டு தன்னுடையதையும் அப்படித் திருத்தலாமா என்று கேட்டா. போய்ப் பார்த்தால் ஆர்-22 ஏசி, வெளித் தகட்டை உப்புக்காற்றுத் தின்று கையால் தொட்டாலே உதிர்கிறது. அதற்கு 50,000 கொம்பிரசர் போட்டால் அடுத்த வருடம் தகடு ஓட்டை. ஓசோன் படலத்தைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளும் 2030ஆம் ஆண்டளவில் ஆர்-22 வகையைக் கைவிடவேண்டும், ஆகவே அந்தக் காஸும் போகப் போகக் கிடைப்பது கஷ்டம். மாமி புதுசு வாங்கிவிட்டா. என்னுடையதில் தகடு நல்லாக இருந்தது, ஒழுக்கு இல்லை, அதனால்தான் மாற்றினேன். உத்தரவாதம் இருக்கிறதா என்றும் பழைய கடதாசிகளைத் தேடுங்கள். கொம்பிரசருக்கு மட்டும் தனியாக ஐந்து, பத்து வருடம் கொடுப்பார்கள், எனக்கு ஐந்து முடிந்துவிட்டிருந்தது. இருந்தாலும் பெரும்பாலும் கொம்பிரசர் மட்டும்தான் இலவசம், காஸும் கூலியும் உங்கள் தலையில்தான்.

18,000க்கு ஸ்ரெபிலைசர் ஒன்றும் போட்டோம், கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் அது ஏசிக்குக் கரண்ட் விடும். உள்ளே அழுத்தம் சமப்படமுதல் கொம்பிரசரைத் தொடங்கவிட்டால் அது திரும்ப உறுமும். வெளிப்பெட்டியை மதிலில் இருந்து இரண்டு அடி தள்ளிப் பொருத்தினார், அதற்கு அவர் காசு வாங்கவில்லை. ஓடும்போது எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று அளந்து மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் திகதி போட்டு எழுதிவைத்திருக்கிறார், அடுத்த சேர்விஸில் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

முதல் ஆளிடம் 45,000ஐக் கேட்காமல் விடவில்லை. முதலில் போன் எடுக்கவில்லை. பிறகு வேறு நம்பரில் இருந்து அடித்தபோது "அது கரண்ட் பிரச்சினை ரீச்சர், சாமான் நல்ல சாமான்" என்றார். 60 ஹேர்ட்ஸ் லேபிளின் படத்தை அனுப்பினேன். அதற்குப்பிறகு ஒரு பதிலும் இல்லை. என் கையில் பில் இல்லை, சிட்டைத் துண்டில்கூட மொடல் நம்பரோ உத்தரவாதமோ எழுதி வாங்கியிருக்கவில்லை, ஆகவே எங்கே போய் முறைப்பாடு செய்தாலும் காட்ட ஒன்றுமில்லை. கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருடைய மகன் படிக்கிறான் என்று தெரியவந்தது. அதை வைத்து எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவராகவே ஒருநாள் கேற்றடியில் வந்து நின்று, புதுக் கொம்பிரசரை எங்கே வாங்கினது, என்ன மொடல் என்று கேட்டார், இன்னொரு வீட்டுக்குப் போடவாம். மொடலைச் சொன்னேன், 50 ஹேர்ட்ஸ் என்று இரண்டு தரம் சொன்னேன், என் காசையும் கேட்டேன். வருடப் பிறப்புக்குப் பிறகு தாறன் என்றார்.